ஊறலும் உரிமமும்

ஸ்காட்லாந்தின் வடபகுதி மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் டல்வின்னி என்னும் சிற்றூர் இருக்கிறது. சில பத்து வீடுகளும் ஒரு ரயில் நிலையமும் 1897இல் நிறுவப்பட்ட ஒரு விஸ்கி வடிசாலையும் தவிர அங்கே சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை என்றாலும், உலகின் பெருநகர மதுக்கடைகளில் எல்லாம் அந்த ஊரின் பெயர் கண்ணாடிப் புட்டிகளின் மேல் அச்சாகியிருக்கிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையிலும் வடிப்புத் தொழிலோடு பெயர் சேர்ந்துபோன சிற்றூர்கள் உண்டு. ஆனால் அவற்றின் பெயர்கள் ஏறுவது முதல் தகவல் அறிக்கையிலும், சாராய ஊறல் அழிக்கப்பட்டது என்று நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வெளிவரும் நான்கு வரிச் செய்தியிலும்தான். இரண்டு மலைகளிலும் ஓடைநீர் இருக்கிறது, தானியம் இருக்கிறது, அடுப்பு மூட்டத் தெரிந்த மனிதர்களும் இருக்கிறார்கள். ஒன்று புகழாகவும் மற்றொன்று குற்றமாகவும் முடிந்ததற்கான காரணத்தைத் தேடுபவர் இயற்கையை விட்டுவிட்டுச் சட்டத்தின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

விஸ்கி என்பது அடிப்படையில் முளைகட்டிய தானியத்தின் சாராயம். பார்லியை நீரில் ஊறவைத்து முளைவிடச் செய்தால், தானியத்தினுள் இருக்கும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. உரிய நேரத்தில் சூடேற்றி முளையின் வளர்ச்சியை நிறுத்தி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கரைத்தால் இனிப்பான சாறு கிடைக்கிறது. அதில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, செம்புக் கொப்பரையில் இருமுறை காய்ச்சி வடித்து, கருவாலி மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருந்த பிறகே ஸ்காட்லாந்தில் சட்டம் அதை விஸ்கி என்று அழைக்க அனுமதிக்கிறது. முளையை உலர்த்தப் பலவிடங்களில் பீட் எனப்படும், சதுப்பு நிலத்தில் மட்கி இறுகிய கரிமண்ணை எரிக்கிறார்கள். அதன் புகைமணம் கடைசிச் சொட்டு வரை தங்கிவிடுகிறது. இந்த வேலைகளில் பீப்பாயில் காத்திருப்பது ஒன்றைத் தவிர மற்றவை எளிய உழவர் வீட்டுக்கு எட்டாதவை அல்ல.

தானியத்தை முளைகட்டிக் குடிபானம் ஆக்கும் அறிவும் தமிழ்நிலத்துக்குப் புதியதன்று. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, தீட்டாத அரிசியைக் குழையக் களியாக்கி, அகன்ற கலத்தில் ஆறவைத்து, அதனோடு முளையைப் பிசைந்து சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விட்டு விளையவைத்த கள்ளைப் பற்றி, ஏறக்குறைய ஒரு செய்முறைக் குறிப்பின் ஒழுங்கோடு கூறுகிறது; அங்கே நெல்முளை செய்யும் வேலையும் விஸ்கிக்குப் பார்லி முளை செய்யும் வேலையும் ஒன்றே. ஜவ்வாது மலைக்கு இன்னும் நெருக்கமான சான்று மலைபடுகடாம். அதன் பாட்டுடைத் தலைவனான நன்னன் ஆண்ட செங்கண்மா, இன்று அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கும் செங்கம்; அதில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியே இறங்கும் செய்யாறு. மலைவழியே நடந்து செல்லும் கூத்தர்களுக்கு அங்கே வாழும் மக்கள், தேனால் செய்து மூங்கில் குழாயில் முற்றவைத்த தேறலையும் அதன்மேல் நறவையும் கொடுப்பார்கள் என்று அந்தப் பாட்டு வழிசொல்கிறது. இவை புளிக்கவைத்தவை, காய்ச்சி வடித்தவை அல்ல என்பதை மறந்து பேசுவது பழம்பெருமைக்காரர்களின் வழக்கம்; அந்த வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொண்டே, மரத்தின் வயிற்றில் மதுவை முதிரவைக்கும் எண்ணம் இந்த மலைச்சாரலுக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்து விஸ்கி இன்று அணிந்திருக்கும் மரியாதை பழமையானதன்று. அங்கேயும் அது கள்ளச்சாராயமாகவே வளர்ந்தது. வீட்டுத் தேவைக்காகக் காய்ச்சும் உரிமை 1781இல் பறிக்கப்பட்டது. 1784இன் சட்டம் மேட்டுநிலத்துக்கும் தாழ்நிலத்துக்கும் இடையே ஒரு கோடு கிழித்து, இரு பக்கத்துக்கும் வெவ்வேறு தீர்வை விதித்து, மேட்டுநிலச் சரக்கு கோட்டைத் தாண்டி இறங்கக் கூடாது என்றது. குத்தகை விவசாயிக்கோ பார்லியைத் தானியமாகச் சுமந்து சந்தைக்கு இறக்குவதைவிடச் சாராயமாக இறக்குவது எளிதாகவும் லாபமாகவும் இருந்தது. நில வாடகையே பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் கட்டப்பட்டது என்பதால், குற்றவாளிகளை விசாரிக்கும் நீதிபதி இருக்கையில் அமர்ந்திருந்த நிலக்கிழார்களும் கண்டும் காணாமல் இருந்தார்கள். அமெரிக்காவில் 1794இல் மேற்கு பென்சில்வேனியாவின் மலைவாழ் உழவர்கள் விஸ்கி வரிக்கு எதிராகக் கலகம் செய்ததன் பின்னணியும் இதே சுமைக்கணக்குதான்.

ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கள்ள வடிகலங்களைப் பிடித்தும் பயன் இல்லாத நிலையில், 1823இல் நாடாளுமன்றம் தீர்வையைப் பாதிக்கும் மேல் குறைத்து, ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டணத்தில் உரிமம் தர முன்வந்தது. லிவெட் ஓடைப் பள்ளத்தாக்கில் அதுவரை உரிமம் இல்லாமல் காய்ச்சிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்மித் என்னும் குத்தகை விவசாயி, தம் நிலக்கிழாரான கார்டன் பிரபுவின் ஆதரவோடு 1824இல் முதல் ஆளாக அதைப் பெற்றார். வடிசாலையைக் கொளுத்திவிடுவோம் என்று அக்கம்பக்கத்துக் கள்ள வடிப்பாளர்கள் மிரட்டியதால், இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு பல ஆண்டுகள் நடமாடினார். இன்று கிளென்லிவெட் என்ற பெயரில் விற்கும் விஸ்கியின் நிறுவனர் அவரே. அரசு இறங்கிவந்த அந்த ஓராண்டு இடைவெளியில் கள்ளச்சாராயக்காரர் ஒருவர் தொழில் முன்னோடி ஆகிவிட்டார் என்பதைத்தான் சுற்றுலாக் கையேடுகள் விரும்பிச் சொல்கின்றன. உரிமம் பெறுவதற்கு வடிகலம் குறைந்தது 40 காலன் கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் நிபந்தனை விதித்ததையும், குடிசைக்குள் சிறு கலத்தில் காய்ச்சிய ஏழைகள் அந்த நிபந்தனையாலேயே தொழிலை விட்டு வெளியேறியதையும் அந்தக் கையேடுகள் சொல்வதில்லை.

தமிழ்நாட்டின் மதுச் சட்ட வரலாறு வேறு வகையில் வளைந்து சென்றது. 1886இன் சென்னை அப்காரிச் சட்டம் காய்ச்சுவதையும் விற்பதையும் அரசின் வருவாய்க்கு உட்பட்ட ஏகபோகமாக மாற்றியது; அப்காரி என்பது மது, போதைப்பொருள்களின் மீதான ஆயத்தீர்வை. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது, 1971இல் கருணாநிதி ஆட்சியில் தளர்த்தப்பட்டு, 1974க்குள் மீண்டும் கொண்டுவரப்பட்டது, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் திறந்து, 1987இல் மூடின. மலிவு விலை மது 1990இல் வந்து 1991இல் போனது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இத்தனை திருப்பங்களிலும் மாறாத ஒன்று உண்டு: கடை திறந்திருந்த காலத்திலும் மூடியிருந்த காலத்திலும், மலைக்காரர் தம் தேவைக்குக் காய்ச்சுவதற்கு இடமே இருந்ததில்லை. இன்று மலைவாசிக்குச் சட்டப்படி கிடைப்பது, இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது என்ற விசித்திரமான பெயரில், கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் கூட்டிச் சமவெளியில் அடைத்து அனுப்பப்படும் புட்டிதான்.

ஜவ்வாது மலையில் காய்ச்சப்படும் சாராயம் மலையின் சொந்தப் பானம் என்று நினைத்துக்கொள்வது இந்த விஷயத்தில் நேரும் முதல் பிழை. அதன் மூலப்பொருள் வெல்லம்; மலையில் கரும்பு விளைவதில்லை. வேலூர், திருவண்ணாமலைச் சமவெளியின் வெல்லம் மூட்டைகளாக மலையேறுகிறது. காட்டுக்குள் ஓடையோரத்தில் பேரல்களிலும் குழிகளிலும் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து, வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுச் சில நாள்கள் புளிக்கவிடுவதே ஊறல் எனப்படுகிறது. வெள்வேல மரத்துக்குப் பட்டைச்சாராய மரம் என்ற பெயரே உண்டு. அதன் பட்டையிலுள்ள துவர்ப்புப்பொருள் சாற்றிலுள்ள புரதங்களைப் படியவைத்துச் சாற்றைத் தெளிவாக்குகிறது என்று பழைய தாவர நூல்கள் விளக்குகின்றன. மேட்டுநிலத்தார் வடித்த பின் கருவாலிப் பீப்பாயிலிருந்து பெறும் துவர்ப்பை இங்கே வடிப்பதற்கு முன்பே பட்டையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் எனலாம். கடுக்காயோ இந்தக் காட்டின் பழைய விளைபொருள். அதன் துவர்ப்புக்காகவே ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழில் அதை நாடியது. ஊறல் முற்றியதும் அடுப்பேற்றி, ஆவியைக் குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தின் அடியில் மோதவிட்டு, சொட்டும் சாராயத்தைப் பிடிக்கிறார்கள். பின்பு அது லாரி டியூப்களில் நிரப்பப்பட்டு, வெல்லம் ஏறிய அதே ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்துக்கு இறங்குகிறது.

ஆக, மூலப்பொருளும் சமவெளியுடையது, முதலும் பெரும்பாலும் சமவெளியுடையது, வாங்கிக் குடிப்பவரும் சமவெளியில் இருப்பவரே. மலை கொடுப்பது விறகு, ஓடைநீர், கூலியுழைப்பு, அனைத்துக்கும் மேலாக மறைவு. மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு மலையேறும்போது அகப்படுவதும் பேரலுக்குப் பக்கத்தில் நிற்கும் மலைவாசிதான். வெல்ல மண்டியின் கணக்குப் புத்தகம் அகப்படுவது அரிது. மேட்டுநிலத்து விவசாயி தன் வயலின் தானியத்தைச் சுருக்கி விலைகூட்டி விற்றான். ஜவ்வாது மலைக்காரர் விற்பது தம் வயலில் விளைந்த எதையும் அல்ல. இந்த வேறுபாட்டைக் காணாமல், நம் மலையிலும் ஒரு கிளென்லிவெட் ஒளிந்திருக்கிறது என்று உருகுவது நகரத்து ரசிகரின் கனவு.

இதன் மறுபக்கமாக, கள்ளச்சாராயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்களை அடைத்துவைத்திருக்கும் பொதுப்பேச்சும் மலைக்கு அநீதி செய்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கு மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தைச் சுற்றி 60க்கு மேற்பட்டோரையும் கொன்றது மெத்தனால். அது ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் வேதிப்பொருள். உடலுக்குள் சென்றால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வை நரம்பையும் பின் உயிரையும் அழிப்பது. வெல்ல ஊறலில் உயிரைக் கொல்லும் அளவுக்கு அது உண்டாவதில்லை. அந்த மரணங்களுக்குப் பின்னால் இருந்தது தொழிற்சாலைத் தேவைக்கான மெத்தனால் கள்ளத்தனமாகத் திசைதிருப்பப்பட்ட கதை. ஆயினும் கருணாபுரத்துக்குப் பின் எல்லோருடைய கண்களும் திரும்பியது கல்வராயன் மலையின் பக்கம், அதன்வழியே ஜவ்வாது மலையின் பக்கம். ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் அதே மாதம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டதும் அப்போதுதான். அறுபது பிணங்கள் விழும்வரை ஒரு மலையின் சாலையும் பள்ளியும் வழக்குப் பொருளாகவில்லை என்பது கவனிக்கத் தக்கது. காய்ச்சிய வெல்லச் சாராயம் தீங்கற்றது என்பதும் இதன் பொருளன்று. கூலிப்பணம் அடிவாரத்துக் கடையிலோ காட்டு அடுப்பருகிலோ கரைந்தபின் வெறுங்கையோடு வீடு திரும்பும் ஆணை எதிர்கொள்ளும் பெண்ணுக்கு, அந்தச் சாராயம் எந்த வேதிப்பொருளால் ஆனது என்ற ஆராய்ச்சி உதவுவதில்லை.

ஜவ்வாது மலையில் அரசு எந்தெந்த வேலைக்காக ஏறியிருக்கிறது என்று பார்த்தால் மலையின் நிலை விளங்கும். காவலூரில் 1960களின் பிற்பகுதியில் வானாய்வகம் அமைந்தது. நகர வெளிச்சம் எட்டாத இருள் அங்கே கிடைத்ததே அதற்கு முதன்மைக் காரணம். 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் தெரியவந்த நிகழ்வை அங்கிருந்தும் பதிவுசெய்தார்கள். 1986இல் நிறுவப்பட்ட, 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி அன்று ஆசியாவிலேயே பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றாக இருந்தது. அதே மலைத்தொடரில், வேலூர் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் அல்லேரி மலைக்குச் சாராய ஊறலை அழிக்கக் காவலர்கள் பலமுறை நடந்தே ஏறியிருக்கிறார்கள். அந்த மலையில் 2023 மே மாதம் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாமையால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய முடியாமல் இறந்தது. உடலை ஊருக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாயே அதைச் சுமந்துகொண்டு மலையேறினார். சந்தனமும் இந்த மலைக்குச் சாராயத்தைப் போலவே குற்றத்தின் புகழைத்தான் தேடித் தந்தது. மரம் வெட்டுவதில் தேர்ந்த கைகளைச் செம்மரக் கடத்தல் தரகர்கள் ஆந்திரத்துக்குக் கூட்டிச்சென்றார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படையால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளரில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சாராயமோ சந்தனமோ செம்மரமோ, சரக்கு மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை: முதலாளி கீழே, ஆபத்து மேலே.

மலை தனக்கென்று விளைவிப்பது சாமை. காரைக்காட்டு வேளாளரோடு தங்களை இணைத்துக் காஞ்சியிலிருந்து மலையேறி வந்த மரபைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் (இவர்களுக்கும் கேரளத்து மலையாளிகளுக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்பதே பெயர்), ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் மழையை நம்பி அதைப் பயிரிடுகிறார்கள். ஒருகாலத்தில் அரைத்துத் தீட்டும் வசதி மலையில் இல்லாததால், விளைந்த சாமை உமியோடு மூட்டையாக இறங்கி, தரகர் சொன்ன விலைக்குப் போய், அரிசியாகி, மும்மடங்கு விலையில் சென்னைக் கடைகளில் உட்கார்ந்தது. பின்பு மலையிலேயே உமிநீக்கும் இயந்திரங்களும், பழங்குடி உழவர்களே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் நிறுவனமும் வந்தன. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் சாமைக்குப் புதிய ரகம் வெளியிட்டிருக்கிறது. லிவெட் பள்ளத்தாக்கின் வாழ்க்கையோடு ஒப்பிடத்தக்க பொருள் இந்த மலையில் இருக்குமானால் அது சாராயப் பேரலில் இல்லை, இந்த உமிநீக்கும் இயந்திரத்தில் இருக்கிறது. தானியத்தின் எடையைக் குறைத்து விலையைக் கூட்டும் வேலையை மலையிலேயே வைத்துக்கொள்வதுதான் அங்கே விஸ்கி செய்த உதவி. சிறுதானியங்களில் முளைகட்டுவதற்கு மிகவும் ஏற்றது கேழ்வரகு. நேபாள மலைமக்கள் அதிலிருந்தே தங்கள் மரபுப் பானத்தைச் செய்கிறார்கள். இங்கே அது சத்துமாவாகவும் குழந்தைக் கஞ்சியாகவும் ஆகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. மால்ட் எனப்படும் முளைத்தானிய விஸ்கிக்குக் குளிர்ந்த மலை கட்டாயமும் இல்லை: பெங்களூரின் அம்ருத் நிறுவனம் வெயிலடிக்கும் பீடபூமியில் வடநாட்டு பார்லியை வடித்து, 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கே கொண்டுபோய் அறிமுகம் செய்தது.

அப்படியானால் மலைக்கு வடிப்பு உரிமம் கொடுத்துவிடலாமா என்ற கேள்வி இயல்பாக எழும். கோவாவின் முந்திரி ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. இலுப்பைப்பூவிலிருந்து பழங்குடியினர் வடிக்கும் மதுவை மரபு மது என்ற பெயரில் சட்டப்படி விற்க மத்தியப் பிரதேச அரசு 2021இல் முடிவெடுத்தது. இவற்றை அப்படியே இங்கே நகலெடுத்தால் வெல்லம் விற்பவரும் புட்டி அடைப்பவருமே உரிமத்தை எடுப்பார்கள். மலைவாசி அடுப்புக் கூலியாகவே நீடிப்பார். 40 காலன் நிபந்தனை ஸ்காட்லாந்தின் குடிசைகளுக்குச் செய்ததை இங்கே டெண்டர் நிபந்தனை செய்யும். தடையை நீட்டிக்கொண்டே போவதும் தீர்வாகாது. மனம் திருந்தியோருக்குக் கறவை மாடு கொடுக்கும் அரசின் மறுவாழ்வுத் திட்டம், பால் வாங்கும் வண்டி ஏறி வராத குக்கிராமத்தில் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உரிமமா தடையா என்பதற்கு முன்னால், அதை முடிவு செய்பவர் யார் என்பது நிற்கிறது. 1996இல் நாடாளுமன்றம் இயற்றிய, பட்டியல் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கும் பெசா சட்டம், போதைப் பானங்களின் விற்பனையையும் அருந்துதலையும் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் அளிக்கிறது. அதாவது கடை வேண்டாம் என்று சொல்லும் பெண்களின் குரலும், சடங்குக்குக் கொஞ்சம் காய்ச்சிக்கொள்ளலாம் என்று சொல்லும் முதியவரின் குரலும் ஒரே சபையில் எண்ணப்படும். ஆனால் அந்தச் சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். நாட்டில் 10 மாநிலங்களில் அத்தகைய பகுதிகள் இருக்கின்றன. ஜவ்வாது மலையும் கல்வராயன் மலையும் கொல்லி மலையும் ஏற்காடும் இருக்கும் தமிழ்நாட்டில் ஒரு கிராமம்கூட அந்த அட்டவணையில் இல்லை. ஊறலை அழிக்கப் படையெடுக்கும் ஒவ்வொரு முறையும் கோட்டையில் எடுத்துவைக்கப்பட வேண்டியது, இந்த மலைகளை அந்த அட்டவணையில் சேர்ப்பதற்கான கோப்புதான்.